பள்ளிப் புத்தக லிஸ்ட்டை யார் முடிவு செய்கிறார்கள், லைப்ரரி பீரோ ஏன் பூட்டியே கிடக்கிறது? (வடசென்னைப் பெற்றோர்கள் வாருங்கள்)

கொருக்குப்பேட்டை அப்பா:

வணக்கம். பையன் ஜூனில் மூன்றாம் வகுப்புக்குப் போகிறான், நம்ம ஏரியாவிலேயே ஒரு மெட்ரிக் பள்ளி, பெயர் வேண்டாம். புத்தக லிஸ்ட் கைக்கு வந்துவிட்டது. அரசுப் பாடநூல் அதில் இருக்கிறது, அதைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அதற்கு மேல் தனியார் பதிப்பகத்தின் ஆங்கில ரீடர், கிராமர், கணக்கு ஒர்க்புக், பொது அறிவு, கம்ப்யூட்டர், கையெழுத்துப் பயிற்சி, நீதிக் கதைகள் என்று நீண்டுகொண்டே போகிறது. எல்லாம் ஒரே கட்டு. "போன வருஷக் கையெழுத்து நோட்டு பாதி காலியாக இருக்கிறது, அது வேண்டாம், மற்றதைக் கொடுங்கள்" என்று கேட்டால் செட்டைப் பிரிக்க முடியாது என்கிறார்கள்.

பணம் ஒரு பக்கம். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. இந்தப் புத்தகங்களை யார் உட்கார்ந்து படித்துப் பார்த்து, நம்ம பிள்ளைகளுக்கு இது சரியாக வரும் என்று முடிவு செய்தார்கள்? கிளாஸ் மிஸ்ஸைக் கேட்டேன், மேனேஜ்மென்ட் என்றார். ஆபீஸில் கேட்டேன், டீச்சர்கள் தேர்ந்தெடுத்தது என்றார்கள். அப்புறம் இன்னொன்று, பீஸ் ரசீதில் லைப்ரரி என்று ஒரு வரி இருக்கிறது. இதுவரை ஒரு கதைப் புத்தகம்கூட வீட்டுக்கு வந்ததில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த மாதம் பெற்றோர் கூட்டம், வெறும் கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போக விருப்பமில்லை.

மாதவரம் பழைய ரெப்:

அவர்கள் இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது நண்பரே. நான் பல வருஷம் பள்ளிப் புத்தகக் கம்பெனி ஒன்றில் ரெப்பாக, அதாவது விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவன், தங்கசாலையில் தொடங்கி மீஞ்சூர் வரைக்கும் என் லைன். தீபாவளி முடிந்ததும் ஸ்பெசிமன் காப்பிகளை, அதாவது மாதிரிப் பிரதிகளை, பையில் போட்டுக்கொண்டு கிளம்புவோம், பொங்கலுக்குள் பாதிப் பள்ளிகள் முடிவாகிவிடும். நாங்கள் சந்திப்பது பள்ளித் தாளாளரான கரஸ்பாண்டென்ட்டை, அல்லது அவருக்குக் கணக்கு பார்ப்பவரை. பேச்சு பெரும்பாலும் கழிவு, அதாவது கமிஷன் பற்றித்தான். அட்டை விலையில் பள்ளிக்கு எவ்வளவு நிற்கும், பணத்தை எப்போது செட்டில் செய்யலாம், பின்னட்டையில் பள்ளியின் பெயரை அச்சடித்துத் தருவீர்களா, கூடவே ஸ்மார்ட் போர்டு வருமா. இதெல்லாம் படிந்த பிறகுதான் புத்தகம் ஸ்டாஃப் ரூமுக்குப் போகும். அங்கே டீச்சர்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போடுவார்கள். டீச்சர்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்று காட்ட ஆபீஸில் ஒரு தாள் இருக்கும்.

எல்லாப் பள்ளியும் அப்படி என்று சொல்ல மாட்டேன். திருவொற்றியூர் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் ஹெச்.எம். அம்மா ஒருவர் எங்கள் ரீடரை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். பனியில் பொம்மை செய்து விளையாடும் பாடம். எழுத்துக் கூட்ட வந்தது, விஷயம் ஒன்றும் ஏறவில்லை. "கடலைப் பற்றி ஒரு பாடமாவது இருக்கிறதா சார், இருந்தால் அடுத்த வருஷம் வாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு அன்றைக்கு ஆர்டர் போனது, ஆனாலும் அந்த அம்மா மேல் இன்றைக்கும் மரியாதை உண்டு. பிள்ளையின் கையில் கொடுத்துப் பார்த்து முடிவு செய்தவர் என் லைனில் அவர் ஒருவர்தான்.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள். பல கம்பெனிகள் ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அட்டையை மாற்றும், பயிற்சிகளின் வரிசையை மாற்றும், பக்க எண் மாறும். உள்ளே பாடம் அதே பாடம். அக்காவின் புத்தகம் தம்பிக்கு உதவக் கூடாது, அதற்காகவே செய்வது. புத்தகத்துக்குள்ளேயே விடை எழுத வைப்பதிலும் அதே நோக்கம்தான் பாதி.

தண்டையார்பேட்டை டீச்சர்:

நான் அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியை. எங்களுக்கு இந்த லிஸ்ட் பிரச்சினை கிடையாது, புத்தகம் இலவசமாக வந்து இறங்கிவிடும். ஆனால் அரசுப் பாடநூலை யார் தேர்வு செய்கிறார்கள் என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.

பாடத்திட்டமும் நூலும் தயாராவது மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தில். அச்சடித்து அனுப்புவது பாடநூல் கழகம், அது 1970இல் தொடங்கியது. நுங்கம்பாக்கம் டி.பி.ஐ. வளாகம் என்று நாம் சொல்லும் இடம்தான். இப்போது கையில் இருக்கும் நூல்களின் வேலை 2017இல் ஆரம்பித்தது, கலைத்திட்டக் குழுவுக்குப் பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைவர். அந்த வருஷம் நவம்பரில் வரைவுப் பாடத்திட்டத்தை இணையத்தில் போட்டு யார் வேண்டுமானாலும் கருத்து சொல்லலாம் என்றார்கள். 2018 ஜூனில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்குப் புதிய நூல் வந்தது, மற்றவை 2019இல் வந்தன.

உங்கள் பையனின் புத்தகத்தில் பாடநூல் உருவாக்கக் குழு என்று ஒரு பக்கம் இருக்கும், பாருங்கள். எழுதியவர், மேலாய்வு செய்தவர், படம் வரைந்தவர் என எல்லார் பெயரும் வேலை பார்க்கும் இடத்தோடு அச்சாகியிருக்கும். எழுதியவர்களில் நிறையப் பேர் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். ஒரு வரி தப்பாக இருந்தால் யாரைக் கேட்பது என்று தெரியும். தனியார் ரீடரில் ஓர் ஆசிரியர் பெயர் இருக்கும், அவர் எந்த ஊரில் எந்த வகுப்புக்குப் பாடம் எடுத்தவர் என்பது இருக்காது.

அரசு நூலில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. மேல் வகுப்பு நூல்கள் கனமாகிவிட்டன, ஒரு வருஷத்துக்குள் முடிக்க முடியவில்லை என்று மேல்நிலை ஆசிரியர்கள் அப்போதே முறையிட்டார்கள், அது நியாயமான முறையீடு. ஆனால் முறையிட ஓர் இடம் இருக்கிறது.

பெரம்பூர் தாத்தா:

என் பேத்தி சி.பி.எஸ்.இ. அங்கேயும் இதே கதை, விதிகள் மட்டும் வேறு. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன், விதிப் புத்தகம் படிக்கிற பழக்கம் உண்டு, அதனால் தேடிப் படித்தேன்.

சி.பி.எஸ்.இ. இணைப்பு விதிகளிலேயே இருக்கிறது: தனியார் பதிப்பகப் புத்தகம் வைக்கும் பள்ளி, உள்ளடக்கத்தை மிகுந்த கவனத்தோடு பார்க்க வேண்டும், வைத்த புத்தகங்களின் பட்டியலைப் பள்ளியின் இணையதளத்தில் போட வேண்டும், அவற்றைப் படித்துப் பார்த்தோம், பொறுப்பு எங்களுடையது என்று மேலாளரும் முதல்வரும் கையெழுத்திட்ட உறுதிமொழியையும் சேர்த்துப் போட வேண்டும். உங்கள் பள்ளியின் இணையதளத்தில் அது இருக்கிறதா என்று தேடுங்கள். 2024 ஆகஸ்டில் வந்த சுற்றறிக்கைப்படி 9 முதல் 12 வரை மத்திய அரசு நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி.யின் நூல்கள் கட்டாயம், 1 முதல் 8 வரை வலியுறுத்திச் சொல்லியிருக்கிறார்கள்.

நம்ம உயர் நீதிமன்றமும் 2018 மே மாதம் இடைக்கால உத்தரவு ஒன்று போட்டது. 1, 2 வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது, மொழியும் கணக்கும் தவிர வேறு பாடம் வைக்கக் கூடாது என்று. அப்படியிருக்க ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குக் கம்ப்யூட்டர் புத்தகமும் பொது அறிவுப் புத்தகமும் எங்கிருந்து வருகின்றன என்று நான் முதல்வரிடம் நேராகவே கேட்டேன். 'ஆக்டிவிட்டி' என்றார். 2020இல் வந்த புத்தகப் பை கொள்கையின்படி பை எடை குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பேத்தியை வீட்டுத் தராசில் நிறுத்தினேன், பிறகு பையைத் தூக்கி வைத்தேன். தாண்டியது.

வண்ணை வாசகி:

எல்லாரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். எங்கள் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ். நானும் என் கணவரும் தமிழ் மீடியம். என் பெண்ணுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் இல்லை. தனியார் ரீடரில் ஒலி ஒலியாகப் பிரித்து, படம் போட்டு, படிப்படியாகப் பயிற்சி இருக்கிறது. அரசு ஆங்கிலப் புத்தகத்தில் இருக்கிற பயிற்சி அவளுக்குப் போதவில்லை. அரசுப் புத்தகம் மட்டும் போதும் என்று சொல்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் தெரிந்த ஒருவர் இருப்பார். என்னைப் போன்றவர்கள் அந்தப் பயிற்சிக்காகத்தான் பணம் கட்டுகிறோம். அதைப் பிடுங்கிவிடாதீர்கள்.

தண்டையார்பேட்டை டீச்சர்:

வண்ணை அக்கா, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, யாரும் பிடுங்கக் கூடாது. ஒரு கேள்வி மட்டும். அந்த ரீடர் உங்கள் பெண்ணுக்கு உதவுகிறது என்பதை நீங்கள் கண்ணால் பார்த்துச் சொல்கிறீர்கள். அதே செட்டில் இருக்கிற நீதிக் கதைப் புத்தகமும் பொது அறிவும் என்ன ஆயின? வருஷக் கடைசியில் எத்தனை பக்கம் தொட்டிருந்தார்கள்? உதவுகிற ஒன்றை வைத்துக்கொண்டு உதவாத நாலைந்தை நீக்கச் சொல்வதற்குப் பெற்றோருக்கு ஒரு வழி வேண்டும். எங்கள் பள்ளியில் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு ஒரே வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலைக்குத் தக்கபடி வேறு வேறு பயிற்சி கொடுக்கிறோம். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே செட் என்பதுதான் எனக்குப் பிடிபடாத விஷயம்.

வண்ணை வாசகி:

பொது அறிவுப் புத்தகம் புதுசு மாதிரியே இருக்கிறது, உண்மைதான். தலைநகரங்கள் பகுதியை மட்டும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தாள். சரி, புத்தகவாரியாகக் கேட்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூட்டத்தில் 'தனியார் புத்தகமே வேண்டாம்' என்று யாராவது எழுந்து பேசினால் நான் எதிர்த்துப் பேசுவேன்.

அல்லிக்குளம் கடை:

சென்ட்ரல் பக்கத்தில் பழைய புத்தகக் கடை. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்ததற்குப் பிறகு இங்கே வந்த வியாபாரம், அப்பா காலத்துக் கடை. ஜூன் மாதம் எங்களிடம் வரும் கூட்டத்தைப் பார்த்தால் இந்த விஷயம் நன்றாகப் புரியும். பாடநூல் கழகப் புத்தகம் என்றால் கொண்டு வந்த உடனே எடுத்துக்கொள்வேன், பாடத்திட்டம் மாறாதவரைக்கும் யாராவது வாங்குவார்கள். என்.சி.இ.ஆர்.டி.யும் அப்படித்தான் இருந்தது, இப்போது ஒவ்வொரு வகுப்பாகப் புது நூல் வந்துகொண்டிருப்பதால் யோசித்துத்தான் எடுக்கிறேன். தனியார் செட் கொண்டு வந்தால் கைவிரிக்க வேண்டியிருக்கிறது. நேற்றுகூட புளியந்தோப்பிலிருந்து ஓர் அம்மா ஒரு பை நிறையக் கொண்டு வந்தார், எல்லாம் பளபளவென்று ஆர்ட் பேப்பர், பாதிக்கு மேல் எழுதாத பக்கம். எடைக்குத்தான் போடணும் என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது. லிஸ்ட்டில் 'பழைய பதிப்பும் செல்லும்' என்று ஒரு வரி பள்ளி எழுதிவிட்டால் போதும், நம்ம பக்கத்துக் குடும்பங்களுக்கு எவ்வளவோ மிச்சமாகும்.

எர்ணாவூர் அம்மா:

நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன், அரசு நடுநிலைப் பள்ளி. வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். கொருக்குப்பேட்டை அண்ணன் லைப்ரரி பற்றிக் கேட்டாரே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

எங்கள் பள்ளியில் புத்தகம் இருந்தது, நல்லாவே இருந்தது. ஹெச்.எம். ரூமில் ஒரு பச்சை பீரோ, அதற்குள். சாவி அவரிடம். எதற்கு சார் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று கூட்டத்தில் கேட்டேன், பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள், தொலைத்துவிடுவார்கள், ஆடிட்டில் நான்தான் பதில் சொல்லணும் என்றார். நான் விடவில்லை, மூணு கூட்டமாக அதையே கேட்டேன். கடைசியில் திறந்தார்கள். மேல் தட்டில் தடிதடியாகப் பெரியவர்கள் படிக்கிற புத்தகம், நினைவு மலர், ஒரே புத்தகம் பல காப்பி. கீழ்த் தட்டில் தான் பிள்ளைகள் புத்தகம், அதில் செல் அரித்ததும் இருந்தது.

இப்போது மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வராண்டாவில் கயிறு கட்டி, துணி காயப்போடுகிற கிளிப்பில் புத்தகத்தை மாட்டி விடுகிறோம். அம்மாக்கள் நாங்கள் முறை போட்டு உட்காருகிறோம். அரசின் சிறுவர் இதழ்களான ஊஞ்சலும் தேன்சிட்டும் வந்தால் முதலில் அதற்குத்தான் போட்டி. நான் எட்டாவதோடு நின்றவள், பிள்ளைகள் எனக்கு வாசித்துக் காட்டுகிறார்கள், எனக்கும் ஆசையாக இருக்கிறது.

தண்டையார்பேட்டை டீச்சர்:

எர்ணாவூர் அம்மாவுக்கு என் கும்பிடு. அந்த ஹெச்.எம். சொன்ன ஆடிட் பயம் பொய் இல்லை, பல பள்ளிகளில் தொலைந்த புத்தகத்துக்கு ஆசிரியரே கைக்காசு போட்டிருக்கிறார். அதனால்தான் பீரோவைத் திறக்கக் கை வருவதில்லை. ஆனால் மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017ஐப் பாருங்கள், அதில் நூலகத்துக்கென்றே ஒரு விதி இருக்கிறது. ஒரு வருஷத்தில் எடுத்துப் படிக்கப்படும் ஆயிரம் நூல்களுக்கு ஐந்து நூல் தொலைவது இயல்பான இழப்பு, நேர்மைக்கேடோ அலட்சியமோ இல்லாதவரை. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் மட்டும் கட்டாயம் விசாரணைக்கு வரும். அது மத்திய அரசு நூலகங்களுக்கான விதி, நம்ம பள்ளிக்கு நேரடியாக வராது. ஆனாலும் புத்தகம் புழங்கினால் சிலது போகும் என்று அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது என்பதை ஹெச்.எம்.களிடம் காட்டலாம். பதிவேட்டில் 'பயன்பாட்டில் சிதைந்தது' என்று எழுத ஒரு மேலாண்மைக் குழுத் தீர்மானம் இருந்தால் அவர்களுக்கும் தைரியம் வரும்.

கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணையில் ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் வேண்டும், அதில் செய்தித்தாள், இதழ்கள், எல்லாப் பாடங்களிலும் நூல்கள், கதைப் புத்தகங்கள் உட்பட, என்று இருக்கிறது. இது தனியார் பள்ளிக்கும் பொருந்தும். கொருக்குப்பேட்டை சார், உங்கள் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். அரசுப் பள்ளிகளுக்கு சமக்ர சிக்ஷா என்கிற பள்ளிக் கல்வித் திட்டத்தில் நூலக மானியம், பள்ளி எந்த வகுப்பு வரை என்பதைப் பொறுத்து, வருஷத்துக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை. என் அனுபவத்தில் அது பெரும்பாலும் புத்தகக் கட்டாகவே வந்திருக்கிறது, எங்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டு வரவில்லை. எங்கள் பள்ளிக்கு ஒருமுறை ஐந்தாம் வகுப்பு வரைதான் பிள்ளைகள் என்று தெரிந்தும் போட்டித் தேர்வுப் புத்தகம் வந்தது.

வியாசை தம்பி:

வியாசர்பாடியில் நாங்கள் நண்பர்கள் சேர்ந்து மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறோம். புத்தகம் தேர்ந்தெடுப்பதில் எங்களுக்குக் கிடைத்த அனுபவத்தைச் சொல்கிறேன், பள்ளிகளுக்கு உதவலாம்.

தொடக்கத்தில் நன்கொடையாக வந்ததையெல்லாம் வாங்கி அடுக்கினோம். பெரிய வீடுகளில் பிள்ளைகள் வளர்ந்ததும் கழித்துக் கட்டுகிற புத்தகங்கள். எங்கள் பிள்ளைகள் புரட்டிப் படம் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். அப்புறம் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் பிள்ளைகளையே வேனில் கூட்டிக்கொண்டு போய், ஆளுக்கு இவ்வளவு ரூபாய், உனக்குப் பிடித்ததை எடு என்று விட்டோம். அவர்கள் எடுத்தது எதையும் நான் எடுத்திருக்க மாட்டேன். ஃபுட்பால் வீரர்கள் பற்றியது, பேய்க்கதை, மீன் வகைகள் படம் போட்டது, எலெக்ட்ரிக் மோட்டார் எப்படி ஓடுகிறது என்று விளக்குவது. ஆறாவது படிக்கிற பெண் ஒருத்தி கோலப் புத்தகம் எடுத்தாள், அதை வைத்துச் சமச்சீர் வடிவங்களைக் கணக்குப் பாடத்தோடு சேர்த்துப் பேச முடிந்தது. வாங்கி வந்த புத்தகங்களில் பெரும்பாலானவை இன்றைக்குக் கிழிந்து ஒட்டுப் போட்டு ஓடிக்கொண்டிருக்கின்றன.

வயசைப் பார்த்து வாங்காதீர்கள், வாசிப்பு நிலையைப் பாருங்கள். ஏழாவது படிக்கிற பையனுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும் என்றால், அவனுக்குப் பெரிய எழுத்து, குறைந்த வரி வேண்டும், ஆனால் விஷயம் குழந்தைத்தனமாக இருக்கக் கூடாது. முயல் கதை கொடுத்தால் கூட்டாளிகள் முன்னால் கூச்சப்பட்டுக் கீழே வைத்துவிடுவான். இந்த மாதிரிப் புத்தகம் தமிழில் ரொம்பக் குறைவு. அரசின் வாசிப்பு இயக்கத்தில் வந்த நுழை, நட, ஓடு, பற வரிசை இந்த இடைவெளியைக் கொஞ்சம் நிரப்பியது, சின்னச் சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் முடிக்கலாம். முடித்தேன் என்கிற சந்தோஷம் அந்தப் பையனுக்கு அதற்கு முன் கிடைத்ததே இல்லை.

எங்கள் தெரு மாதிரி ஒரு தெரு, ஹவுசிங் போர்டு வீடு, தண்ணி லாரி, படகு, துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிற அப்பா, இதெல்லாம் வருகிற கதைப் புத்தகம் ஒவ்வொரு வடசென்னைப் பள்ளியிலும் சிலதாவது இருக்க வேண்டும். வாங்கும்போதே இதைத் தேட வேண்டும், தேடினால் கிடைக்கிறது.

பெரம்பூர் தாத்தா:

தம்பி, நல்ல வேலை. கிளை நூலகங்களையும் பயன்படுத்துங்கள். 1948இலேயே பொது நூலகச் சட்டம் கொண்டு வந்த மாநிலம் இது, நூலகத் துறை முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் போராடி வாங்கியது. சொத்து வரியோடு நூற்றுக்குப் பத்து நூலக வரி நாம் கட்டுகிறோம். கொளத்தூரில் 2024இல் திறந்த முதல்வர் படைப்பகம் என்கிற படிப்பு மையத்தைப் பார்த்திருப்பீர்கள், படிக்க இடம் தேடும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று அங்கே போனால் தெரியும். பள்ளிக்கும் பக்கத்துக் கிளை நூலகத்துக்கும் பேச்சுவார்த்தையே இல்லாமல் இருப்பதுதான் குறை.

எம்.கே.பி. நகர் பெற்றோர்:

ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. புத்தகத்தை உள்ளே கொண்டு வருவது ஒரு பிரச்சினை என்றால், வெளியே எடுப்பது இன்னொன்று. என் மகள் படிக்கும் பள்ளி நூலகத்தில் பெண் பிள்ளைகள் வயதுக்கு வருவதைப் பற்றி நல்ல புத்தகம் ஒன்று இருந்தது, படத்தோடு, ரொம்ப நாசூக்காக எழுதியது. ஒரு பெற்றோர் போய்ச் சத்தம் போட்டார். மறுநாள் புத்தகம் இல்லை. யார் எடுத்தார்கள், ஏன், யாருக்கும் பதில் இல்லை. நூலகப் பொறுப்பு மிஸ் பாவம், அவரே பயந்துபோய் எடுத்துவிட்டார். அப்போது என் மகளுக்குத் தேவைப்பட்ட புத்தகம் அது.

ஆட்சேபிக்க ஒருவருக்கு உரிமை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தன் பிள்ளைக்கு வேண்டாம் என்பதும், எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம் என்பதும் ஒன்றா?

தண்டையார்பேட்டை டீச்சர்:

இது முக்கியமான கேள்வி, பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. 2012இல் என்.சி.இ.ஆர்.டி. 12ஆம் வகுப்பு அரசியல் அறிவியல் நூலில் இருந்த இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய கேலிச் சித்திரத்தை நீக்க வேண்டும் என்று நம் மாநிலத்திலிருந்தே குரல் போனது. பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையில் குழு போட்டுப் பார்த்தார்கள். அந்தக் கேலிச் சித்திரம் நம் மாணவர்களை இழிவுபடுத்தியது என்று எனக்குத் தோன்றியது, சிலருக்குத் தோன்றவில்லை. ஆனால் நூல் பொதுவில் இருந்ததால் கோபப்பட்டவரும் பொதுவில் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. 2022க்குப் பிறகு பாடக் குறைப்பு என்று 10ஆம் வகுப்பு அறிவியலிலிருந்து பரிணாமத்தையும் தனிம வரிசை அட்டவணையையும் எடுத்தார்கள், அறிவியலாளர்கள் எதிர்த்தார்கள். சுமை குறைக்க எவ்வளவோ இருக்க, அந்தப் பாடங்களை எடுத்தது சரியில்லை என்பதுதான் என் கருத்து.

2011 ஞாபகம் இருக்கிறதா? சமச்சீர்க் கல்வி நூல்கள் அச்சாகி குடோனில் இருந்தன, ஆட்சி மாறியது, நிறுத்தி வைத்தார்கள். ஜூனில் பள்ளி திறந்தும் பிள்ளைகள் கையில் புத்தகம் இல்லை. ஆகஸ்ட் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் கொடுத்தார்கள், அதிலும் சில பக்கங்களில் ஸ்டிக்கர் ஒட்டி. பிள்ளைகள் முதல் வேலையாக அந்த ஸ்டிக்கரைச் சுரண்டிப் பார்த்தார்கள்.

பள்ளி நூலகத்துக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஆட்சேபம் எழுத்தில் வரட்டும், எந்தப் பக்கம், என்ன காரணம் என்று. ஆசிரியர் ஒருவர், பெற்றோர் இரண்டு பேர், முடிந்தால் பெரிய வகுப்பு மாணவி ஒருவர், நாலு பேரும் முழுப் புத்தகத்தையும் படிக்கட்டும். அதுவரைக்கும் புத்தகம் அலமாரியில் இருக்கட்டும். முடிவை எழுதி ஒட்டட்டும். முழுசாகப் படித்த பிறகு நீக்கச் சொல்லும் ஆட்கள் குறைந்துவிடுவார்கள்.

மாதவரம் பழைய ரெப்:

டீச்சர் சொன்னதையே பாடப் புத்தகத்துக்கும் வையுங்கள். முடிவு பொங்கலுக்குள் நடந்துவிடுகிறது, நீங்கள் கேள்வி கேட்பது ஏப்ரலில். அப்போது பள்ளி பணம் கட்டியிருக்கும், பின்வாங்க முடியாது. அடுத்த வருஷத்துக்கு டிசம்பரிலேயே ஸ்பெசிமன் காப்பிகளை ஒரு மேஜையில் ஒரு வாரம் வையுங்கள், பெற்றோர் வந்து பார்க்கட்டும் என்று கேளுங்கள். கம்பெனிகள் மறுக்காது, காப்பி ஏற்கெனவே பள்ளியில்தான் இருக்கும்.

கொருக்குப்பேட்டை அப்பா:

எல்லாருக்கும் நன்றி. நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கிடைத்தது. கூட்டத்தில் கேட்கப்போவதைச் சொல்லிவிடுகிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

இந்த வருஷத்துக்கு: செட்டைப் பிரித்துக் கொடுங்கள், பழைய பதிப்பு செல்லும் என்று எழுதிக் கொடுங்கள், போன வருஷம் பாதிக்கு மேல் நடத்தாத புத்தகத்தை லிஸ்ட்டிலிருந்து எடுங்கள். வண்ணை அக்கா சொன்னபடி எதை வைக்கலாம் என்பதையும் சேர்த்தே பேசுவேன், ஆங்கில ரீடரை நான் எதிர்க்கப்போவதில்லை. அடுத்த வருஷத்துக்கு: டிசம்பரில் மேஜை, அந்த வகுப்பு டீச்சர் ஒவ்வொரு கூடுதல் புத்தகத்துக்கும் ரெண்டு வரியில் காரணம் எழுதி லிஸ்ட்டோடு வைக்க வேண்டும். நூலகத்துக்கு: வாரம் ஒரு புத்தகம் வீட்டுக்கு, வாங்கும்போது பிள்ளைகள் பங்குக்குக் கொஞ்சம் பணம். மேனேஜ்மென்ட் எதிரி என்கிற மாதிரிப் பேச மாட்டேன். என் பையனை அங்கேதான் அனுப்புகிறேன், அந்த மிஸ் நல்லவர்.

கூட வர எங்கள் பள்ளிப் பெற்றோர் சிலர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

எர்ணாவூர் அம்மா:

அண்ணா, தனியார் பள்ளியில் எங்களை மாதிரி மேலாண்மைக் குழு சட்டப்படி கிடையாதே, நீங்கள் கேட்டால் கேட்பார்களா?

கொருக்குப்பேட்டை அப்பா:

கட்டாயப்படுத்த முடியாதுதான் அம்மா, சுயநிதிப் பள்ளிக்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் அந்தப் பிரிவு பொருந்தாது. ஆனால் நூலகம் பற்றிய அட்டவணை பொருந்துகிறது, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். தனித்தனியாகப் போய்க் கேட்டதற்கு இதுவரை பதில் இல்லை. ஒரே தாளில் எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் எழுத்தில் ஒரு பதில் வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன்.

அதற்கு முன் இந்தச் சனிக்கிழமை மாலை 5 மணிக்குத் தண்டையார்பேட்டை மெட்ரோ ஸ்டேஷன் பக்கம் உட்கார்ந்து பேசலாம். வேறு பள்ளிப் பெற்றோர்களும் வரலாம். உங்கள் பள்ளி லிஸ்ட்டை ஜெராக்ஸ் எடுத்து, பள்ளியின் பெயரை மறைத்துவிட்டுக் கொண்டு வாருங்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

வண்ணை வாசகி:

நான் வருகிறேன். ரீடரையும் எடுத்து வருகிறேன், டீச்சர் அதைப் பார்த்துவிட்டு எந்தப் பயிற்சிகள் உண்மையிலேயே வேண்டும் என்று சொன்னால் எனக்கு உதவியாக இருக்கும்.

தண்டையார்பேட்டை டீச்சர்:

கண்டிப்பாக அக்கா. அரசு ஆங்கிலப் புத்தகத்தை நான் கொண்டு வருகிறேன். உங்கள் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவளை ரெண்டிலும் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிப் பார்ப்போம்.